கடலோரத்துல போர்வெல்லை ஆழப்படுத்தாதீங்க

வடசென்னையில தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் கோடை வந்தாலே இதே பேச்சுதான்: "போர்ல உப்பு ஏறிடுச்சு, இன்னும் நாற்பது அடி இறக்கிடலாம்." தயவுசெய்து இறக்காதீங்க.

கடலோர மணல்ல நல்ல தண்ணி, கனமான உப்புத்தண்ணி மேலதான் மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழே கிட்டத்தட்ட 40 அடிக்கு அது உப்பைத் தள்ளி வைக்கும். மேல ஒரு அடி குறைஞ்சா, உப்பு அதே கணக்குல ஏறி வரும். அப்போ ஆழமா போறவங்க உப்பைத் தேடித்தான் போறாங்க. பெரிய மோட்டார் வச்சு மணிக்கணக்கா இழுத்தாலும் போருக்கு நேர் கீழே உப்பு எழும்பிடும். மோட்டாரை நிறுத்தினாலும் சீக்கிரம் இறங்காது. சின்ன மோட்டார், அரை மணி நேரம், நடுவுல இடைவெளி. அதுதான் சரி.

சென்னைக்கு வடக்கே இருக்கிற மீஞ்சூர்ல நடந்தது இதுதான். பல வருஷம் அளவுக்கு மீறி உறிஞ்சினதுல கடல்தண்ணி பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு. அதே வட்டாரத்துல, காட்டுப்பள்ளியில, 2010லேர்ந்து கடல்தண்ணியை தினம் 10 கோடி லிட்டர் வரைக்கும் குடிநீராக்குற ஆலை ஓடுது. கடல்தண்ணியைக் காசு கொடுத்துக் குடிக்கிறோம், மழைத்தண்ணியைக் கால்வாய்ல விடுறோம். எனக்கு ஆத்திரம் வர்றது இதுலதான்.

அந்த மழைத்தண்ணியை மண்ணுக்குள்ள இறக்கினா மேல நல்ல தண்ணி நிக்கும், உப்பு கீழேயே இருக்கும். 600 சதுர அடி மாடியில 50 மில்லிமீட்டர் மழை பெய்தா சுமார் 2,800 லிட்டர். சேதாரம் போக 2,200 நிக்கும். 15 லிட்டர் குடத்துல கிட்டத்தட்ட 150 குடம்.

2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ தோண்டின குழி பல வீட்டுல இப்பவும் இருக்கு, ஆனா தண்ணி இறங்காது. முதல் மழையோட தூசும் காக்கா எச்சமும் நேரா உள்ளே போறதுதான் காரணம். அதைத் தடுக்க, முதல் தண்ணியைப் பிடிக்கன்னு மூணடி பைப்பு ஒண்ணு மாட்டிட்டுப் போயிடுறாங்க. நாலு இஞ்ச் பைப்புல மூணடிக்கு ஏழெட்டு லிட்டர்தான் பிடிக்கும். இந்த அளவு மாடிக்கு முதல் 60 லிட்டராவது தனியா போகணும். ஒரு டிரம் வச்சு, அடியில குழாய் போட்டு, ஒவ்வொரு மழைக்கு அப்புறமும் காலி பண்ணி வைங்க.

குழிக்குள்ள அடியில கருங்கல், நடுவுல ஜல்லி, மேல ஒரு அடி மணல். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவுல நைலான் வலை இல்லேன்னா மணல் சரிஞ்சு இறங்கி இடைவெளியெல்லாம் அடைச்சிடும். வருஷா வருஷம் செப்டம்பர்ல மேல் மணலை ரெண்டு மூணு இஞ்ச் சுரண்டி எடுத்துட்டுப் புது மணல் போடணும். தோண்டும்போது களிமண் வந்தா, குழிக்கு அடியில மணல் தட்டுற வரைக்கும் துளை போட்டு, ஓட்டை போட்ட பிவிசி பைப்பு இறக்கணும். சாக்கடைத் தொட்டிக்குப் பக்கத்துல மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கிணறு இருந்தா மூடாதீங்க. வடிகட்டின தண்ணியை அதுலயே விடுங்க, அதைவிட நல்ல குழி கிடையாது.

வாடகை வீட்டுக்காரங்க ஓனர்கிட்ட கேளுங்க. செலவு டிரம், பைப்பு, மணல், கொத்தனார் கூலிதான். கோடையில லாரித்தண்ணிக்குக் கொடுக்கிற காசை வச்சுப் பேசினா அவங்களுக்கும் புரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சிடும், கொத்தனாரை இப்பவே கூப்பிடுங்க.