அப்பாவின் மொரிஸ் மைனரைத் திருத்துவதா, விடுவதா?

நான்கு மாதமாகப் பலரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கேயே முழுதாக எழுதுகிறேன். முடிவெடுத்துவிட்டோம். ஆனால் முடிவை மட்டும் சொன்னால் விளங்காது.

தெரியாதவர்களுக்கு: கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு. அப்பப்பா புதிதாக வாங்கியது, பிறகு அப்பாவுக்கு வந்தது. விபத்து நடந்த அன்றைக்கு, கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது நல்ல மழை. குறுக்கு வீதியிலிருந்து ஒரு வான் சட்டென்று நுழைய அப்பா பிரேக் அடித்திருக்கிறார். வழுக்கிக்கொண்டு போய் இடது முன்பக்கம் கொங்கிறீட் கம்பத்தில் மோதியது. வான்காரன் நிற்கவே இல்லை. அப்பாவுக்கு 74 வயது. ஸ்டியரிங் நெஞ்சில் அடித்து இரண்டு விலா எலும்பில் வெடிப்பு. காருக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான், ஒரு சதம் வராது.

அப்பா வீடு திரும்பி மூன்றாம் நாளே ஆலோசனைகள் தொடங்கிவிட்டன. "அப்படியே விற்றுவிடுங்கள், உதிரிப்பாகத்துக்கு நல்ல விலை வரும்" என்று ஒரு பக்கம். "எப்பாடு பட்டாவது திருத்துங்கள், அப்பப்பாவின் நினைவு அல்லவா" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர்கூட காருக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

மருதானையில் எங்கள் காரை முப்பது வருடமாகப் பார்க்கும் டிங்கர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் இருக்கிறார். காரைத் தூக்கி ஏற்றி அவரிடம் கொண்டுபோனோம். நசுங்கிய மட்கார்ட்டையும், உடைந்த ஹெட்லைட்டையும், கூடாரம்போல மடிந்து நின்ற பொனட்டையும் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. "மகள், இதெல்லாம் தகரம். கீழே பாப்பம்" என்றார்.

அவர் சொன்னது சரி. மொரிஸ் மைனரின் மட்கார்ட்டுகள் போல்ட்டில் பூட்டியவை. கழற்றிவிட்டு வேறு பூட்டலாம். ஆனால் இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. பொடியும் தளமும் சேர்ந்த ஒரே கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. முன் சக்கரங்களைத் தாங்கும் டோர்ஷன் பார் என்ற நீளக் கம்பிகள் முன்னாலிருந்து பின்னோக்கிப் போய், முன் சீட்டுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கும். எஞ்சினைத் தாங்கும் முன் கால்கள் இரண்டில் ஒன்று வளைந்தாலோ, அந்தக் குறுக்குச் சட்டம் முறுகினாலோ, மேலே எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் கார் நேராக ஓடாது. பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். மழையில் கொழும்பின் காலி வீதியில் அது மறுபடியும் ஒரு கம்பத்தில்தான் போய் முடியும்.

நானா காரை மட்டமாக நிறுத்தி, அடியில் எட்டு இடத்திலிருந்து தூக்குக் குண்டு விட்டார். குண்டின் முனை அசைவு நிற்கும்வரை காத்திருந்து, அது தொட்ட இடத்தில் சோக்கால் சிறிய சிலுவை போட்டார். பிறகு காரைத் தள்ளிவிட்டு, மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடித்தோம். ஒரு முனை என் கையில். பின்பாதி சரியாக இருந்தது. குறுக்குச் சட்டமும் சரி. முன் இடது கால் மட்டும் 11 மில்லிமீட்டர் பின்னுக்குப் போயிருந்தது. அவர் மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் அதே 11. "இழுக்கலாம்" என்றார். நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் உருப்படியான வார்த்தை அது.

அதற்கு முன்பு ஒன்று நடந்தது. கராஜில் அப்பா சாவியைத் திருப்பிப் பார்த்தார். மொரிஸ் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், சாவி போட்டதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, நிறைந்ததும் மெல்ல அடங்கும். அடித்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே "திருத்துவோம்" என்று சொல்லியிருப்பேன். அது பிழையான நேரத்தில் எடுத்த முடிவாகியிருக்கும். கால் 11 மில்லிமீட்டருக்குப் பதில் மடிந்தே போயிருந்தால்? குறுக்குச் சட்டம் கிழிந்திருந்தால்? அப்போது பம்ப் எவ்வளவு இனிமையாக அடித்தாலும் காரை விட்டிருக்க வேண்டும். நான் விட்டிருப்பேன். இன்னும் நாலு மைனர் ஓட எங்கள் கதவும் கியர்பொக்ஸும் போயிருக்கும்.

"வெட்டி ஒட்டினால் அது பழைய கார் இல்லை" என்று லண்டனில் இருக்கும் மச்சான் சொல்கிறார். அவரிடம் நான் சொன்னது இது. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கடைசி நேரத்தில் அகலம் போதவில்லை என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அளவிலேயே செய்ய வைத்தவர். பொனட் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். 1948இல் அப்படித்தான் அது சந்தைக்கே வந்தது. எங்கள் காரின் தளத்தகடு கடல் காற்றில் துருப்பிடித்து இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அசல் தகடு என்று பெருமை பேச முடியாது. அப்போதெல்லாம் அது அப்பப்பாவின் கார் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

இது அரிய காரும் இல்லை. 16 இலட்சம் அளவில் செய்தார்கள். கிளார்க்கும் வாத்தியாரும் டொக்டரும் ஓட்டிய கார். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காதது குறைவு. இந்தக் காருக்குத் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய கைகள் இங்கே இருந்தன. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திறக்கும்வரை, இருப்பதைத் திருத்தித்தானே இந்த ஊரே ஓடியது.

இலக்கத் தகடும் வளைந்துவிட்டது. அதைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் "இனிமையான நினைவுகள்" என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை இல்லை. 1957இலிருந்து வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழர் போராட்டம், எழுத்துகளுக்குத் தார்ப் பூச்சு, பிறகு 1958இல் தமிழருக்கு எதிரான கலவரம். அதற்கு அடுத்த வருடம் அப்பப்பா வாங்கிய காருக்கு அந்த எழுத்தோடுதான் தகடு கிடைத்தது. ஞாயிறுதோறும் தானே காரைக் கழுவுவாராம், தகட்டை மட்டும் துடைக்க மாட்டாராம். நானா புதுத் தகடு அடிக்கவா என்று கேட்டபோது அப்பா, "நிமிர்த்தினால் காணும், மினுக்க வேண்டாம்" என்றார்.

சரி, செலவு. நானா சொன்ன கணக்கு 9 இலட்சம். காரை இப்படியே வாங்க ஒருவர் 5 இலட்சம் பேசினார். திருத்தி விற்றால் இலாபமா என்று கேட்காதீர்கள், விற்கப் போவதில்லை. தம்பியும் நானும் பாதிப் பாதி போடுகிறோம். திருத்திவிட்டுத் துணி போட்டு மூடி வைக்கப் போவதும் இல்லை. திருத்தினால் ஓட வேண்டும். ஓடுவதென்றால் அப்பாவின் விலா மறுபடி உடையக் கூடாது. அம்மா இதில் ஒரு அடி நகரவில்லை, நகரவும் கூடாது.

அதனால் முன்னால் டிஸ்க் பிரேக் வருகிறது. சீட் பெல்ட் வருகிறது. 1959 காரில் பெல்ட் மாட்டும் இடமே கிடையாது, நடுத் தூணுக்கு உள்ளே தகடு வைத்து வெல்ட் பண்ணிப் பலப்படுத்த வேண்டும். அதே தூணுக்குள்தான் கைகாட்டி இருக்கிறது, திரும்பும்போது ஆரஞ்சு வெளிச்சத்தோடு வெளியே நீளுமே, அது. சின்ன வயதில் அது சிக்கிக்கொண்டால் உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்துக் குத்துவது என் வேலை. இரண்டுக்கும் இடம் காணாமல் போகலாம் என்கிறார் நானா. அசல் அசல் என்று சொல்பவர்கள் மன்னிக்க வேண்டும், இடம் காணாவிட்டால் கைகாட்டிதான் போகும். கழற்றி எடுத்து வைப்போம், வெளியே சாதாரண சிக்னல் லைட் பூட்டுவோம்.

காரின் அந்த முன் காலைச் செயின் போட்டு இழுத்து நேராக்குவது வருகிற செவ்வாய். நாளைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு மருதானைக்குப் போகிறேன். அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தூணில் எந்த உயரத்தில் துளை போடுவது என்று நானா சோக்கால் குறிப்பாராம்.