பெட்டிக்குள் சோப்பு ஏன் இருக்கிறது

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர் தரையில் உட்கார்ந்து, ஊருக்கு அனுப்பச் சோப்பும் சாமானுமாக அட்டைப்பெட்டி கட்டுகிறார், பின்னாலிருந்து நம்மாள் ஒருவர் "ஏன், மணிலாவுல சோப்பே விக்கிறது இல்லையா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். கீழே நானூறு பேர் கூடச் சிரித்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மணிலாவில் சோப்பு விற்கிறது. தெருவுக்கு நாலு 'சாரி-சாரி' என்கிற சின்னப் பெட்டிக்கடை இருக்கிற ஊர் அது. ஒரு தடவைக்கான ஷாம்பூகூடச் சின்ன பாக்கெட்டில் கிடைக்கும். பெட்டி கட்டுகிற அந்த அம்மாவுக்கு இது தெரியாது என்று நினைத்தீர்களா?

'பசலூபோங்' என்று ஒரு சொல் அவர்களிடம் இருக்கிறது. சலூபோங் என்றால் வருகிறவரை எதிர்கொண்டு அழைப்பது. அதிலிருந்து வந்த சொல். ஊருக்குத் திரும்புகிறவர் கையில் இருக்க வேண்டியது அது. வெளிநாடு போனால்தான் என்றில்லை. லகூனா மாகாணம் பக்கம் போனவர் இளநீர் வழுக்கை வைத்துச் சுட்ட 'பூக்கோ பை' என்ற பலகாரம் வாங்காமல் வர மாட்டார். பக்கோலோடிலிருந்து வெல்லம் வைத்த பியாயா ரொட்டி, சேபுவிலிருந்து காய்ந்த மாம்பழம், பாகியோவிலிருந்து ஊபே என்ற ஊதா வள்ளிக்கிழங்கு ஜாம். பக்கத்து மாகாணத்துக்குப் போய் ரெண்டு நாளில் திரும்புகிறவருக்கே இந்த முறை என்றால், ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் எதைக் கொண்டுபோவாள்? கடைக்கணக்கு பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. சோப்பு அங்கே கிடைக்கும். அவள் வாங்கிய சோப்பு அங்கே கிடைக்காது.

'ஏதோ கையில் கிடைத்ததையெல்லாம் திணிக்கிறாள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். திணிப்பது இல்லை ஐயா. அது தெரிந்து செய்கிற வேலை.

ஜம்போ பெட்டி என்பது சுமார் இரண்டடிக்கு ஒன்றரையடி, உயரம் இரண்டடி. கடல் கார்கோவில் பல இடங்களில் எடைக்கு அல்ல, பெட்டிக்குத்தான் காசு. அதனால் ஒரு விரல் இடம்கூட வீணாகக் கூடாது. காசுக்காக மட்டும் இல்லை. உள்ளே வெற்றிடம் இருந்தால், கன்டெய்னரில் மேலே நாலு பெட்டி ஏறும்போது அந்த இடத்தில்தான் நசுங்கும். அடியில் தகர டின்கள், ஒரே மட்டத்தில். அதன் மேல் ஒரு அட்டை. டின்னில் என்ன இருக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து போகும் பெட்டியில் ஸ்பாம் என்ற பன்றி இறைச்சி டின் இருக்கும். சவூதியில் பன்றி இறைச்சிக்குத் தடை, அதனால் அங்கிருந்து போவது மாட்டிறைச்சி கார்ன்ட் பீஃப். ஷூ வாங்கினால் அதற்குள் சாக்ஸ். சட்டி வாங்கினால் அதற்குள் மிட்டாய். டவலும் டி-ஷர்ட்டும் சுருட்டிச் சுருட்டி மூலைகளுக்குப் போகும்.

சோப்பு போகிற இடம் துணிக்குள். அது வாசனைக்கு. ரெண்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்ததும் வருகிற அந்த மணத்துக்கு அவர்களிடம் பேரே இருக்கிறது: 'ஆமோய் ஸ்டேட்சைட்', அமெரிக்கச் சரக்கின் வாசனை, அதாவது வெளிநாட்டு வாசனை. ஆனால் அதே சோப்பைச் சாக்லேட், காபித்தூள், பால் மாவு பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. காபித்தூள் சோப்பு மணத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும், டம்ளரில் சோப்பு வாடைதான் வரும். அதனால் தின்பண்டம் ஒரு முனை, சோப்பு எதிர்முனை, நடுவில் துணி. லோஷன், ஷாம்பூ மூடியைத் திறந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மறுபடி இறுக்கி மூடி, டேப் சுற்றி, தனிப்பையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு லோஷன் உடைந்தால் மொத்தத் துணியும் போச்சு. பெட்டிக்குள் முதலில் பெரிய குப்பைப்பை ஒன்றை விரிப்பார்கள். ராத்திரி குளிர்ந்ததும் கன்டெய்னர் கூரை வியர்த்துச் சொட்டும், அந்த ஈரம் அட்டையோடு நிற்கட்டும் என்று. சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். வெயிலில் கிடந்த கன்டெய்னரிலிருந்து வரும் சாக்லேட்டில் வெள்ளை பூத்திருக்கும். கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம், ஆனால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். அதனால் நல்ல சாக்லேட்டைக் கைப்பையில் எடுத்துப்போவார்கள். பவர் பேங்க், ஸ்ப்ரே டப்பா இரண்டையும் பெட்டியில் போடவே கூடாது. மேலே டேப் ஒட்டுவதற்கு முன், முகவரி எழுதிய சீட்டு ஒன்று உள்ளேயும் போகும். வெளியே எழுதியது வழியில் உரசி அழிந்துபோகலாம்.

இதை ஒரே நாளில் கட்டுவதில்லை. நாலு பேர் படுக்கிற அறையில், கட்டில் ஓரத்தில் அந்தப் பெட்டி மூணு மாதம் திறந்தே நிற்கும். சம்பளம் வந்தால் ரெண்டு பொருள், ஆஃபர் போட்டால் நாலு பொருள்.

ஷூ விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளையின் கால் அளவு தாய்க்குத் தெரியாது. ரெண்டு வருஷமாகப் பார்க்கவில்லையே. அதனால் ஊரில் பாட்டி, பிள்ளையை ஒரு தாளின் மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து போட்டோ அனுப்புவார். பக்கத்தில் ஸ்கேல் இல்லாமல் எடுத்தால் பயனில்லை, படத்தில் அளவு தெரியாது. சாய்த்து எடுத்தாலும் தப்பு, அளவு மாறிவிடும். நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அந்த அளவுக்கும் ஒரு சைஸ் கூட்டித்தான் வாங்குவாள். பெட்டி மணிலா போக ஒரு மாதம், ஒன்றரை மாதம். தெற்கே விசாயாஸ், மிண்டனாவோ தீவுகள் என்றால் இன்னும் கூட. அதற்குள் கால் வளர்ந்துவிடும். ஷூ பெரிதாக இருந்தால் முனையில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்ளலாம், சின்னதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வீடியோவில் பன்னிரண்டாவது நொடியில் அவர் ஒரு தாளை ஷூவின் அடியில் வைத்துப் பார்க்கிறார். அதற்கும் ஒரு சிரிப்புச் சத்தம் வருகிறது.

இப்போது, "பணமாக அனுப்பினால் அவர்களே வாங்கிக்கொள்வார்களே" என்று கேட்பவர்களுக்கு. பணமும் போகிறது. வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் வருஷத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பணம் வாடகைக்கும் கடனுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளை அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. தன் பேரை மார்க்கர் பேனாவில் எழுதிய பொட்டலத்தைத்தான் பார்க்கும். இதற்கு மேல் என்ன விளக்கம் சொல்வது?

"அமெரிக்க மோகம்" என்றார் ஒருவர். 1898 முதல் 1946 வரை அமெரிக்கா ஆண்ட நாடு, 1990களின் தொடக்கம் வரை படைத்தளம் இருந்த நாடு. 'ஸ்டேட்சைட்' பொருளுக்கு மதிப்பு வந்தது அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் சரித்திரத்தின் பழியை ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் சோப்பில் வந்து ஏன் ஏற்றுகிறீர்கள்?

"சொந்தக்காரர்கள் கறக்கிறார்கள்." இது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். 'என் பசலூபோங் எங்கே' என்று முதல் கேள்வியே அதுவாகக் கேட்கிற ஆட்கள் உண்டு. கடன் வாங்கிப் பெட்டி நிரப்புகிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஒரு சாக்லேட் குறைந்தால் வருஷக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் அதற்காகக் கேலிக்கு ஆளாக வேண்டியது கேட்கிறவர்கள்தானே? கட்டுகிறவளைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்?

அவள் பெட்டி மேல் எல்லோருக்கும் கை வைக்கத் தோன்றுகிறது. 2015 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் சுங்கத்துறையே பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போவதாக அறிவித்தது. உலகம் முழுக்க இருந்த பிலிப்பினோக்கள் கொதித்துப்போனார்கள். அதிபர் பெனிக்னோ அக்கினோ தலையிட்டு, எக்ஸ்-ரேயில் சந்தேகம் வந்தால் மட்டுமே திறக்கலாம் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே புதுச் சட்டம்: ஒன்றரை லட்சம் பெசோ மதிப்பு வரை, வருஷத்துக்கு மூணு தடவை வரியில்லை. அப்புறம் 2022-ல், காசை வாங்கிக்கொண்ட கார்கோக்காரர்கள் சிலர் மணிலாவில் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டதால், ஆயிரக்கணக்கான பெட்டிகள் துறைமுகத்தில் தேங்கின. 'ஒன்று அனுப்பினால் ஒன்று இலவசம்' என்று யாராவது கூவினால் உங்கள் பிலிப்பினோ நண்பர்களை எச்சரித்துவிடுங்கள். அந்த நாட்டு வர்த்தகத் துறை அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு ஒன்று. பெட்டி கட்டுவது என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. கோடாலித் தைலம், டாங் பானப்பொடி, பேரீச்சம்பழம், போர்வை. இதெல்லாம் திருச்சியில் கிடைக்காதா? நம் வாப்பாக்களும் அப்பாக்களும் வளைகுடாவிலிருந்து அதைச் சுமந்து வந்தபோது யாராவது வீடியோ எடுத்துச் சிரித்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வீடியோ போட்ட தம்பிக்கு: அந்தப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அனுமதி இல்லாமல் எடுத்தது, வளைகுடா நாடுகள் பலவற்றில் அது சட்டப்படி குற்றம். உங்களுக்கு என்ன ஆகும் என்பதை விடுங்கள். அவருடைய முதலாளி வீட்டார் பார்த்தால் அவர் வேலைக்கு என்ன ஆகும்? பிள்ளை பார்த்தால்? இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பகிர்ந்தவர்களும் அழித்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்ச் சேர வேண்டிய பெட்டி அது, இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும். பிள்ளை அதைத் திறப்பதற்கு முன்னால் இந்த வீடியோ அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.