அந்தப் போட்டோவைப் பற்றி, கடைசியாக ஒரு தடவை

போட்டோவை நீக்கப் போவதில்லை. இன்பாக்ஸில் வந்து "எடுத்துடுங்க தோழர், உங்க பேருக்கு நல்லதில்ல" என்று அக்கறைப்பட்ட மூன்று பேருக்கும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டது. நான், பக்கத்தில் ஒரு கோல்ஃப் வீரர், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாட்ச், பின்னால் கம்பெனி பேனர். இதுவரை 140 கமெண்ட், பெரும்பாலும் திட்டு: பணக்காரன் ஆட்டத்துக்குப் போய் வர்க்கத் துரோகம் செய்துவிட்டேனாம். போன வருஷம் அப்பாவின் முட்டி ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டுப் பதிவு போட்டேன், 11 கமெண்ட் வந்தது. சும்மா சொல்கிறேன்.

எங்கள் முதலாளி அந்த வாட்ச் கம்பெனியின் வாடிக்கையாளர். வாங்குகிறவர்களை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, இங்கே துபாயில் கோல்ஃப் நாள் நடத்துவார்கள். நாலு பேர் அணியில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. எங்கள் ஆபீசில் கோல்ஃப் ஸ்டிக்கைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்கவுண்ட்ஸில் இருக்கும் நான். கூப்பிட்டார், போனேன். இவ்வளவுதான். இதில் வர்க்கத் துரோகம் எந்த இடத்தில் நடந்தது என்று யாராவது சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

"கோல்ஃப் பணக்காரன் ஆட்டம், அங்க உனக்கென்ன வேலை?" ஒரு எண்பது பேர் இதையே எண்பது விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வேலை இருக்கிறது ஐயா. எங்கள் குடும்பத்துக்கு அங்கே 31 வருஷம் வேலை இருந்தது.

என் அப்பா கேடி. நீங்கள் நினைக்கிற கேடி இல்லை. ஆறாம் வகுப்பில் வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, நான் எழுந்து "கேடி சார்" என்றேன். மொத்த வகுப்பும் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பத்தாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு அதுதான் பட்டப்பெயர். கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு அந்தப் பெயர் என்று விளக்கிப் பார்த்தேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

சென்னையில் ஒரு மைதானம், பெயர் வேண்டாம். காலையில் நாலரைக்கு எழுந்து போய் வரிசையில் நிற்பார். டோக்கன் கிடைத்தால் பை, பை கிடைத்தால் கூலி. பையில் அதிகபட்சம் 14 ஸ்டிக், அதோடு குடை, தண்ணீர், பந்துகள். 18 குழி முடிப்பதற்குள் ஆறேழு கிலோமீட்டர். எந்த இடத்தில் காற்று திரும்பும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய எந்தப் பச்சை எந்தப் பக்கம் சாயும் எல்லாம் அவருக்குத் தெரியும். அடிக்கிறவர் கேட்டால் மட்டும்தான் சொல்வார். திங்கட்கிழமை மெம்பர்கள் வர மாட்டார்கள், கேடிகள் ஆடிக்கொள்ளலாம். யாரோ தூக்கிப்போட்ட ஏழாம் நம்பர் அயர்ன் ஸ்டிக்கை என் உயரத்துக்கு அறுத்து வைத்திருந்தார். முதலில் பிடி. பிடி சரியாக வந்த பிறகுதான் பந்து. அடிக்கும்போது பெயர்ந்து வரும் புல்லை எடுத்து, அதே இடத்தில் வைத்து மிதித்துவிட்டுத்தான் நகர வேண்டும். மறந்தால் முதுகில் ஒன்று விழும்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், அந்தப் புல்லில் எனக்கும் பங்கு உண்டு. 1991-ல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை முதன்முதலில் ஜெயித்த இந்தியர் அலி ஷேர், கேடியாக இருந்தவர். 2009-ல் ஜெயித்த பெங்களூரு முனியப்பாவும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃபில் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டபோது ராத்திரி தூங்காமல் "பெருமை" என்று ஸ்டேட்டஸ் போட்டீர்களே, அன்றைக்கு அவருக்குப் பை தூக்கியது அவருடைய அம்மா. அப்போது அது யாருடைய ஆட்டம்? கோல்ஃப் பணக்காரனுடையது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, பட்டாவை அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"கிண்டியில் ரேஸ் கிளப் நிலத்தை அரசு எடுத்தபோது கைதட்டினீங்களே?" தட்டினேன். 2024-லும் தட்டினேன், இப்போதும் தட்டுவேன். அந்த கிளப் வைத்திருந்த குத்தகை பாக்கி வேறு, ஆட்டம் வேறு. பாலைவனத்தில் புல் வளர்க்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர்தான் என்பார்கள். அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். சரி, அடுத்தது.

வாட்ச். கோல்ஃப் வீரர்களை விளம்பரத்துக்கு வைப்பதை ரோலெக்ஸ் 1967-ல் ஆர்னால்ட் பாமரை வைத்து ஆரம்பித்தது, ஒமேகாவுக்கு ரோரி மெக்கில்ராய். வாங்குகிறவன் எங்கே இருக்கிறானோ அங்கே கடை விரிக்கிறார்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கறுப்புக் கையுறை போட்ட ஒரு பையன் என் கையிலும் ஒன்றை மாட்டிவிட்டு, நான் பார்த்து முடிப்பதற்குள் கழற்றிக்கொண்டான். வேடிக்கை என்னவென்றால், வந்திருந்த வீரர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வாட்சைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிடுவார், போட்டோவுக்கு மறுபடி மாட்டிக்கொள்வார். அந்த அதிர்வு உள்ளே இருக்கும் நுணுக்கமான சக்கரங்களுக்கு ஆகாதாம். அமெரிக்க வீரர் பப்பா வாட்சன் மாதிரி கட்டிக்கொண்டே ஆடுகிற ஆட்கள் குறைவு. என்னைக் கேட்டால், அந்த வாட்ச் கோல்ஃபுக்கு அல்ல, கோல்ஃப் போட்டோவுக்கு.

போட்டோ எடுத்த இடம் ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. ஒரே அடியில் குழிக்குள் போட்டால் பெட்டியில் இருக்கும் வாட்ச் நமக்கு. சாதாரண ஆட்டக்காரருக்கு அது 12,500-க்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நடத்துகிறவர்கள் இன்சூரன்ஸ் எடுத்துவைப்பது வழக்கம். வீரர் காலையிலிருந்து அங்கேயே நின்று, வருகிற ஒவ்வொரு அணியோடும் ஒரு பந்து அடித்தார். என் முறை வந்தபோது கையைப் பார்த்து, "நல்ல பிடி, யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். அப்பா என்றேன். எந்த கிளப்பில் கோச் என்றார். கேடி என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார், அவருக்கு இன்னும் எத்தனையோ அணி பாக்கி. எனக்கு அந்த "நல்ல பிடி" போதும். அதற்காகத்தான் ஐயா அந்தப் போட்டோ. வாட்சுக்காக இல்லை.

இப்போது, ஓசிச் சோறு தின்னப் போனேன் என்கிற விஷயம். ஆமாம், சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நீங்கள் கல்யாண வீட்டில் மொய்க் கவரின் கனத்துக்குத் தகுந்தாற்போலத்தான் சாப்பிடுகிறீர்களா? இதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் "பெரியப்பா பை தூக்குனாரு, இவரு வால் தூக்குறாரு" என்று ஒரு கமெண்ட், பக்கத்தில் சிரிப்புப் பொம்மை, 43 லைக். எழுதியது என் சித்தப்பா மகன். டேய், பெரியப்பா அந்தப் பை தூக்கின காசில்தான் உனக்குப் பாலிடெக்னிக் முதல் வருஷ ஃபீஸ் கட்டினார். இதைப் பொதுவில் சொல்லக்கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது, அதை 140 பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி நின்றார், நேபாளத்துக்காரர். நாள் முழுக்க அந்த வாட்சையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவர்தான். போட்டோகிராபர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார், வெயிலுக்குள் நகர்ந்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன், நீங்களே பார்க்கலாம்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். யாரோ போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாட்சையும் கேட்கவில்லை, வீரர் யார் என்றும் கேட்கவில்லை. மைதானத்தைக் கோல்ஃப் வண்டியில்தான் சுற்றினோம் என்றதும், "அப்ப பையி யார் தூக்குனா?" என்றார். யாரும் இல்லைப்பா, வண்டியிலேயே கட்டிவிடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்தாளு காலுக்கு முன்னாடி பாரு, புல்லு பேந்து கெடக்குது. யார்றா அது மூடாம வுட்டது?"

எனக்கு முன்னால் ஆடியவர் என்று சொல்லிவிட்டேன். நான்தான்.