முதலில் தாளைப் பாருங்கள்

வீட்டு பிரிண்டரில் அழைப்பிதழ் அடித்தால் செலவு குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரிதான். எந்தத் தாள் என்பதைத்தான் அந்தக் கட்டுரை சொல்லவில்லை. பணம் வீணாவதே அங்கேதான். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டையைப் பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் இழுக்காது, உருளையில் வளைந்து சிக்கிக்கொள்ளும். 200 தாராளமாகப் போதும். அதையும் பின்பக்கத் தட்டு இருந்தால் அதன் வழியாக ஒவ்வொன்றாக விடுங்கள். ஒரு ஏ4 தாளில் நான்கு ஏ6 அட்டை கிடைக்கும். அது அந்த அளவுக்கான சி6 உறையில் கச்சிதமாக உட்காரும். மடிக்கிற அட்டையானால், மை தீர்ந்த பேனாவால் அளவுகோல் வைத்து அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள். இல்லையேல் மடிப்பில் அச்சு வெடித்து வெள்ளை தெரியும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். எண்ணிக்கையை ஆளுக்கு ஒன்றாகப் போடாமல் வீட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் எடுத்து, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.