இத்தாலியை மூன்று பெயருக்குள் அடைக்காதீர்கள்

பரோலோ, கியாந்தி, ப்ரொசெக்கோ. ஒயின் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் பலருக்கு இத்தாலி இந்த மூன்று பெயரோடு முடிந்துவிடுகிறது. மூன்றையும் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல பரோலோ கிடைத்த இரவில் வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றும். ஆனால் அந்த நாட்டில் 20 பிராந்தியங்கள் இருக்கின்றன, இருபதிலும் ஒயின் தயாராகிறது, பதிவேட்டில் இருக்கும் திராட்சை ரகங்கள் மட்டுமே 500ஐத் தாண்டும். அத்தனையையும் மூன்று லேபிளாகச் சுருக்கினால் குடிக்கிற நமக்கு நட்டம். அந்த ரகங்களை விடாமல் வளர்த்துவரும் விவசாயிக்கு அதைவிடப் பெரிய நட்டம்.

திமொராசோ என்ற வெள்ளைத் திராட்சையை எடுத்துக்கொள்வோம். பரோலோ விளையும் அதே வடமேற்குப் பிராந்தியமான பியமோன்தேயில்தான், அதன் தென்கிழக்கு ஓரத்தில், தொர்தோனா நகரைச் சுற்றிய குன்றுகளில் இது விளைகிறது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் எங்கும் இதுதான். ஆனால் வளர்ப்பவரைப் படுத்தும் கொடி. பூத்தது எல்லாம் காய்க்காது, கொத்து ஒரே சீராகப் பழுக்காது, விளைச்சலும் குறைவு. பக்கத்திலேயே கொர்தேசே என்ற ரகம் தாராளமாக விளைந்து நல்ல விலைக்கும் போனது. விவசாயிகள் திமொராசோவைப் பிடுங்கிவிட்டு அதை நட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வயிறு இருக்கிறதே. 1980களில் இந்த ரகம் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. மொன்லேயாலே ஊரைச் சேர்ந்த வால்தர் மாஸ்ஸா என்ற விவசாயி அப்போது அதைத் தனியாக ஒயினாக்க முடிவு செய்தார். கேட்க ஆளில்லாத ரகம், சந்தை இல்லாத ஒயின். வெள்ளை ஒயினை அந்த ஆண்டே குடித்து முடிக்க வேண்டும் என்று நம்பியிருந்த ஊரில், ஐந்து, பத்து ஆண்டு பாட்டிலில் கிடந்தால் தேன் வாசமும் கல் நனைந்த வாசமுமாகத் திரளும் ஒரு வெள்ளை ஒயினை அவர் காட்டினார். இன்று பல குடும்பங்கள் அந்தக் குன்றுகளில் திமொராசோ நடுகின்றன.

இப்படி ஒற்றை ஆளின் பிடிவாதத்தில் பிழைத்தவை இத்தாலியில் நிறைய. நேப்பிள்ஸ் நகரம் இருக்கும் தெற்குப் பிராந்தியமான கம்பானியாவில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய அவெல்லினோ மலைப்பகுதியில் ஃபியானோ, கிரேக்கோ, அல்யானிகோ என்ற மூன்று ரகங்களும் அப்படித்தான் தப்பின. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு தெற்கில் எல்லாரும் அதிகம் விளையும் ரகங்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, அந்தோனியோ மாஸ்த்ரொபெரார்தினோ என்ற ஒயின் தயாரிப்பாளர் பழைய ரகங்களை விட மறுத்தார். அந்த அல்யானிகோவில் உருவாகும் தௌராசி ஒயின்தான் 1993இல் தென் இத்தாலியிலேயே முதன்முதலாக டி.ஓ.சி.ஜி. என்ற மிக உயர்ந்த தகுதியைப் பெற்றது. கருத்த, துவர்ப்பு மிகுந்த, பொறுமையாகக் காத்திருந்து திறக்க வேண்டிய ஒயின். என் கணக்கில் பரோலோவுக்குப் பக்கத்தில் வைக்கலாம். விலை பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. நம்மோடு இந்த மண்ணுக்குப் பழைய உறவும் உண்டு: புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் சில இதே கம்பானியா பகுதியில் வனைந்தவை. களிமண்ணில் கலந்திருக்கும் கருத்த எரிமலை மணலை வைத்து அடையாளம் கண்டார்கள்.

"அரசு முத்திரை இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. டி.ஓ.சி. என்ற அந்த முத்திரைக்கான சட்டம் வந்தது 1963இல். எந்த ஊர், எந்த ரகம், எவ்வளவு விளைச்சல் என்றெல்லாம் வரையறுத்தது, நல்லதுதான். ஆனால் 1967இல் கியாந்திக்கு எழுதிய விதியைப் பாருங்கள். சாஞ்சொவேசே என்ற அருமையான சிவப்புத் திராட்சையில் குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை கலந்தே ஆக வேண்டும், 30 சதவீதம் வரை கலக்கலாம் என்றது. அந்த வெள்ளை ரகங்கள் கொட்டிக் கொட்டி விளைபவை. அளவைப் பெருக்கச் சட்டமே வழிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் உலகெங்கும் போன வெளிறிய கியாந்திக்கு இதுவும் ஒரு காரணம். பொறுக்க முடியாத சிலர் சட்டத்தை விட்டே வெளியேறினார்கள். ஆந்தினோரி என்ற ஒயின் குடும்பம் 1971 அறுவடையின் திஞ்ஞானெல்லோ ஒயினைச் சாதாரண மேசை ஒயின் என்ற கடைசித் தகுதியில் விற்றது. கடற்கரைப் பக்கம் பொல்கேரியில் சஸ்ஸிகாயா என்ற ஒயின் பிரெஞ்சு ரகமான கபர்னேயில் உருவானது. தகுதியில் கடைசி, விலையில் முதல். கியாந்தியின் பழைய மையப் பகுதியான கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை வர 2006 ஆனது.

அந்தக் கலகத்தை மதிக்கிறேன். ஆனால் அதன் பின்விளைவை மன்னிக்க மாட்டேன். கபர்னே விலை போகிறது என்று கண்டதும் நாடெங்கும் கபர்னேயும் மெர்லோ என்ற இன்னொரு பிரெஞ்சு ரகமும் நட்டார்கள். அதற்கு இடம்விட எத்தனையோ ஊர்களில் பழைய கொடிகள் பிடுங்கப்பட்டன. உலகில் எங்கும் கிடைக்கும் ருசிக்காக, அங்கே மட்டும் கிடைக்கும் ருசியைக் கொடுத்தார்கள்.

மலிவையும் அளவையும் மட்டும் துரத்தினால் எங்கே போய் முடியும் என்று 1986 காட்டியது. மலிவான ஒயினில் போதையை ஏற்ற மெத்தனால் கலந்தார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலருக்குப் பார்வை போனது. கள்ளக்குறிச்சியில் 2024இல் உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். ஏற்றுமதி சரிந்தது. தரத்தைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை அதற்குப் பிறகுதான் பலருக்கு வந்தது.

என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்ட இடம் சிசிலியின் எட்னா. புகைந்துகொண்டே இருக்கும் எரிமலையின் சரிவில், 1000 மீட்டர் உயரம் வரை திராட்சை. கருங்கல்லை அடுக்கிக் கட்டிய படிப்படியான தோட்டங்கள், ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு மரக்கம்பு. டிராக்டர் ஏறாது, எல்லாம் கைவேலை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைகளை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி எரிமலை மணலில் பிழைக்காது என்பதால், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நூறு வயதைத் தாண்டிய கொடிகள் இங்கே இன்னும் காய்க்கின்றன. நெரெல்லோ மஸ்கலேசே என்ற அந்தச் சிவப்புத் திராட்சையின் ஒயின் பார்க்க வெளிறி இருக்கும், வாயில் வைத்தால் பிடிப்பும் புளிப்பும் தெரியும். ஒரே எரிமலையில் வடக்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் ருசி வேறு.

ப்ரொசெக்கோ பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஆண்டுக்கு 60 கோடி பாட்டில்களுக்கு மேல் போகிறது, அதற்கு என் பரிந்துரை தேவையில்லை. வாங்குவதானால் வால்தொப்பியாதேனே என்ற மலைப்பகுதியின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். லம்ப்ரூஸ்கோ என்ற நுரைக்கும் சிவப்பு ஒயினை மட்டும் இனிப்புச் சோடா என்று ஒதுக்காதீர்கள். 1970, 80களில் அமெரிக்காவுக்குப் போனது அந்த இனிப்பு. அது விளையும் எமிலியா பகுதியில் இனிப்பில்லாத லம்ப்ரூஸ்கோவைக் குளிரவைத்துப் பன்றிக்கறியோடு குடிக்கிறார்கள். கொழுப்பை அந்த நுரையும் புளிப்பும் அலசிவிடும். பொதுவாகவே இத்தாலிய ஒயினைச் சாப்பாடு இல்லாமல் தனியாக ருசி பார்த்துத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

இந்தியாவில் இருப்பவர்களின் சங்கடம் புரிகிறது. இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150 சதவீதச் சுங்கவரி விதித்துவந்த நாட்டில், விற்குமா என்று தெரியாத பெயரைக் கொண்டுவர எந்த வியாபாரியும் தயங்குவார். அதனால்தான் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களிடமும் பயணம் போகிறவர்களிடமும் இதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஃபியானோ, திமொராசோ, தௌராசி, எட்னாவின் சிவப்பான எட்னா ரோஸ்ஸோ இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் கடைக்காரர் அடுத்த முறையும் வரவழைப்பார்.

பரோலோவின் பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் இப்போது தொர்தோனா குன்றுகளில் நிலம் வாங்குகிறார்கள். பெரிய கைகள் வந்தால் திமொராசோ கெட்டுப்போகும் என்று சிலர் வருந்துகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாருக்கும் வேண்டாத ரகமாக இருந்தபோதுதான் அது அழியப் பார்த்தது.