கச்சத்தீவு 99 ஆண்டுக் குத்தகையா?

கச்சத்தீவு இலங்கைக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் விடப்பட்டது என்றும், 2073இல் அது தானாகவே இந்தியாவுக்குத் திரும்பிவிடும் என்றும் கூறும் செய்தி ஒன்று ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதி மக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இது உண்மையல்ல.

இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1974 ஜூனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணையில் இரு நாடுகளின் கடல் எல்லையை வரையறுத்தது; அந்தக் கோட்டின்படி சுமார் 285 ஏக்கர் பரப்புள்ள இத்தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. குத்தகைக் காலமோ, திருப்பி ஒப்படைக்கும் நாளோ அதில் எங்கும் இல்லை. முன்பு ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன், தன் வசமிருந்த தீவைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது உண்டு. அந்தப் பழைய நினைவே இச்செய்திக்கு வித்தாகியிருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

இதன் மறுபக்கமாக, 'தீவில் கால்வைக்கும் உரிமையும் அன்றே போய்விட்டது' என்பாரும் உளர். அதுவும் பிழையே. இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்குச் சென்றுவரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு; தீவிலுள்ள அந்தோணியார் தேவாலயத் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் செல்வதை இங்குள்ளோர் அறிவர். ஆனால், இலங்கைக் கடற்பரப்பில் அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி இந்திய மீனவர்கள் மீன்பிடிக்கக் கூடாது என்பதை, 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் தெளிவாக்கின. மீனவர் கைதுகள் குறித்த வாதங்களில் இலங்கை முன்வைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். 1974 ஒப்பந்தம் அரசியல் சட்டப்படி செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது வேறு செய்தி. அங்கும் கேள்வி ஒப்பந்தத்தின் செல்லுபடி பற்றியதே தவிர, குத்தகை பற்றியதன்று.