விருதுக்கு வயது வரம்பு உண்டு, தொண்டுக்கு இல்லை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 நெருங்கும்போது இளைஞர் விருதுகள் பற்றிய பேச்சு எழுகிறது. சமூக வளர்ச்சிக்கு உழைக்கும் இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு 15 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் தேசிய இளைஞர் விருதில் தனிநபருக்கான வயது வரம்பு 29. இளைஞர் விருது இளைஞர்களுக்குத்தான் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த இளைஞர்களை ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே நின்று வளர்த்து ஆளாக்கி, மேடை வரை அனுப்பிவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு நம் ஊர்களில் என்ன மரியாதை இருக்கிறது என்பதே என் கேள்வி.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவன். 1991இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் அறிவொளி இயக்கம் இங்கே நடந்ததும், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காட்டிய முனைப்பும், கல்குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. அந்த இயக்கத்தைத் தெருத்தெருவாக நடத்திய சம்பளமில்லாத தொண்டர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த இளம்பெண்கள். இயக்கம் ஓய்ந்ததும் திருமணம், வேலை, வெளியூர் என்று பெரும்பாலோர் பிரிந்து சென்றனர். சிலர் மட்டும், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்த அதே திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து, மாலை வகுப்பு, துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றம், வாசிப்பு, கபடி என்று தொடர்ந்தார்கள். அவர்களைத் தொடரச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை. அதற்கென்று நிதியும் இல்லை.

எங்களுக்குப் பக்கத்து ஊரில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். பகலில் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்விட்டு வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் சமுதாயக்கூடத்து வராண்டாவைக் கூட்டிப் பாய் விரித்துவிடுவார். ஒருமுறை குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக அவரிடம் வரும் பிள்ளைகள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆய்வு செய்தார்கள். கோடு போட்ட மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் தண்ணீரில் இறங்கப் போனபோது, "மொதல்ல நீர்பாய்ச்சித் தாத்தாகிட்ட கேட்டுட்டு வாங்க, அப்புறம் அளக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். எந்த மடை எந்த ஆண்டு தூர்ந்தது, கலுங்கில் தண்ணீர் கடைசியாக எப்போது வழிந்தது என்று அந்தப் பெரியவர் சொன்னவைதான் அந்த அறிக்கையின் சிறந்த பகுதியாக அமைந்தன. அறிக்கையின் முகப்பில் வழிகாட்டி என்ற இடத்தில் பள்ளி ஆசிரியரின் பெயர் இருந்தது. ஆசிரியரும் உழைத்தவர்தான், அதில் குறையில்லை. ஆனால் அக்காவின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் வேறு இடமே இல்லை.

அவர் செய்யும் வேலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது ஒரு பகுதி மட்டுமே. எந்த வீட்டில் பெற்றோர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடிபெயர யோசிக்கிறார்கள், எந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்தப் பையன் பள்ளிக்கென்று புறப்பட்டு வேறெங்கோ போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தவுடன் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். அடுத்த பெண்ணுக்காகப் போகும்போதும் அதே வாசல் தனக்குத் திறக்க வேண்டும் என்பதால் சண்டை போடாமல் பேசுவார். எத்தனை பயிற்சி முகாம் நடத்தினாலும் புதிதாக வரும் ஒருவருக்கு இந்த அறிவு ஆறு மாதத்தில் வந்துவிடாது. 2021இல், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, எங்கள் பகுதியில் புதிய தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் திரட்ட முதலில் தேடிப் போனது இப்படிப்பட்டவர்களைத்தான்.

இவர்களை நாம் பாராட்டும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு விழாவுக்கு அந்த அக்காவை அழைத்திருந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு, சொந்தக் காசில் இரண்டு பேருந்து மாறிப் போய், காலையிலிருந்து பிற்பகல் வரை காத்திருந்தார். பெயரை வாசித்ததும் மேடையேறினார். பொன்னாடை, கேடயம், ஒரு புகைப்படம், அவ்வளவுதான். எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள், என்ன தேவைப்படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மைக் அவர் கைக்கு வரவேயில்லை.

மாநில இளைஞர் விருதுக்குக் கடந்த நிதியாண்டில் செய்த சேவையைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஓராண்டில் செய்ததை அளப்பது எளிது என்பது புரிகிறது. ஆனால் இந்த வேலையின் பலன் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கும் ஃபோர்-எச் (4-H) என்ற சிறுவர், இளைஞர் மன்றங்களில், பிள்ளைகளை வழிநடத்தும் தன்னார்வலர்களை அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கிட்டு, ஐந்து, பத்து, இருபத்தைந்து என்று படிப்படியாகப் பாராட்டும் வழக்கம் உண்டு. இதற்குப் பெரிய செலவு ஆவதில்லை. யார் எப்போதிலிருந்து இருக்கிறார் என்று ஒருவர் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவே. நம்மிடம் அந்தக் குறிப்பேடுகூட இல்லை.

சேவை செய்பவர்கள் விருதை எதிர்பார்ப்பதில்லை என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், அந்த அக்கா எதையும் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் யாருக்கு நாற்காலி போடுகிறது, யாரை நிற்கவைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் தாங்கள் யாராக வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அக்காவுக்குப் பிறகு அந்தப் பாயை விரிக்க ஒருத்தி முன்வர வேண்டுமானால், இன்றே அக்காவுக்குத் துணையாக ஒரு பெண்ணை நியமித்து, இருவருக்கும் போக்குவரத்துச் செலவையாவது ஊர் ஏற்க வேண்டும். இதையும் நான் மரியாதை என்றே கருதுகிறேன்.

நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை கூடும். பத்தாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்காக உழைத்தவர்களின் பெயர், தொடங்கிய ஆண்டு, செய்த பணி ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், அன்று அவர்களைப் பத்து நிமிடமாவது பேசவிட வேண்டும் என்றும் கேட்டு, நாங்கள் சிலர் கையெழுத்திட்டு ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இதைச் செய்ய விரும்பினால் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன்.